கீரிமலை வானும் விண்தூசும்

மாசி, பங்குனி மாதங்களின் அமாவாசை இரவுகளில், விளக்கொளி படாத கீரிமலைக் கரையில் நின்று மேற்கு வானை நோக்குவோர், அந்தி மறைந்தபின் கூம்புபோல் எழும் மங்கிய ஒளியொன்றைக் காணலாம். அது முகிலன்று, ஞாயிற்றைச் சூழ்ந்து பரந்துள்ள நுண்தூசு வெயிலைச் சிதறுவதால் தோன்றுவது.

கண்ணுக்குப் புலனாகும் இத்தூசைக் கருவியால் எண்ணுதல் எளிதாயிருக்கவில்லை. 1958 இல் விண்ணேறிய எக்ஸ்புளோரர் 1 என்னும் அமெரிக்கச் செய்மதி, துகள் மோதும் ஓசையைக் கேட்பதற்கு ஒலிவாங்கி ஒன்றைத் தாங்கிச் சென்றது. அக்காலத்து ஒலிவாங்கிகள் தந்த மிகையான எண்ணிக்கையைக் கொண்டு, பூமியைச் சூழத் தூசுமுகில் ஒன்று உண்டென்றே கருதப்பட்டது. பெயர்பெற்ற வானியலாளர் பிரெட் விப்பிளும் 1961 இல் அம்முகிலைப் பற்றி எழுதினார். ஆனால், வெயிலும் நிழலும் மாறிமாறிப் படுகையில் வெப்பநிலை வேறுபாட்டால் கருவியே எழுப்பிய ஓசைதான் அவற்றுட் பெரும்பகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முகில் கலைந்தது! பிற்காலத்தில், மோதிய துகள் ஆவியாகும்போது வெளிப்படும் மின்னேற்றத்தை அளக்கும் முறை நிலைபெற்றது. சனியை அடைந்த கசினியின் தூசுக்கருவி அத்தகையதே.

செவ்வாயின் கதை வேறு. 2014 இல் அங்கு சேர்ந்த மேவன் விண்கலம் தனித் தூசுக்கருவி எதனையும் கொண்டிருக்கவில்லை. பிளாசுமாவை அளக்கும் கருவியிற் பதிந்த குறிகளே மேல்வெளியில் தூசு உண்டெனக் காட்டின. அது செவ்வாயின் நிலத்திலிருந்து எழுந்ததா, அதன் துணைக்கோள்களிலிருந்து உதிர்ந்ததா, கோள்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து வந்ததா? அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூட அறிஞர் மூன்றாவதே பொருந்துமெனக் கணித்தனர். கணிப்பு வலிதாயினும், தூசைத் தொட்டறிந்த கருவியின் சான்றுக்கு அது ஈடாகாது.

அக்கூடத்தார் ஆக்கிய தூசுக்கருவி 2024 சனவரி 1 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் நான்காம் கட்டத்தில் ஏறிச் சென்றது. அதன் நிறை 3 கிலோகிராம், மின்தேவை 4.5 உவாற்று. எக்ஸ்போசாட் செய்மதியை விடுத்தபின் அக்கட்டம் 350 கிலோமீற்றர் உயரத்துக்கு இறக்கப்பட்டது. சுற்றுப்பாதையின் சாய்வு 9.5 பாகை, கீரிமலையோ வடக்கே 9.8 பாகையில் உள்ளது. ஆகவே, பாதையின் வட எல்லை யாழ்ப்பாணப் பக்கம் நேர்ந்த வேளைகளில், கருவி ஏறத்தாழப் பூநகரிக்கு மேலாகச் சென்றிருக்கும். ஆயிரம் செக்கனுக்கு ஒன்று என்னும் அளவில் மோதல்கள் பதிவாயின. பூமிக்கு அண்மையில் மனிதர் விட்ட கலச்சிதைவுகளும் சுழல்வதால், எது விண்தூசு எனப் பிரித்தறியும் பொறுப்பும் எஞ்சியது.

2024 மார்ச் 21 இல் அக்கட்டம் வளிமண்டலத்துட் புகுந்து வட பசுபிக் கடலில் முடிவெய்தியது. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அனுப்பத்தக்க கருவிகளுக்கு அது முன்மாதிரியாக அமைந்தது.