பெரியப்பாவின் ஜீப்பும் பொய் சொன்ன பெட்ரோல் முள்ளும்

போன எபிசோடில் பக்கிங்காம் கால்வாய் பற்றிப் பேசினோம். காக்கிநாடா பக்கம் ஆரம்பிச்சு, கடலோரமாவே வந்து, மரக்காணத்தில் முடியற கால்வாய். அதைக் கேட்டுட்டு நிறைய பேர், "மரக்காணம் உங்க ஊரா?"ன்னு மெசேஜ் பண்ணியிருந்தீங்க. என் ஊர் இல்லை, பெரியப்பா ஊர். ஸ்கூல் லீவு முழுக்க அங்கதான். இன்னைக்குப் பேசப்போறது அவர் வீட்டு வாசலில் நிற்கிற ஒரு ஜீப்பைப் பற்றி, குறிப்பா அதோட பெட்ரோல் மீட்டரைப் பற்றி. இதில் என்ன வரலாறு இருக்குன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2011 மழைக்காலம். எனக்கு அப்போ பதினாலு வயசு. ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல போகணும். பெரியப்பா சாவியைத் திருப்பினார், முள் நேரா ஃபுல்லுக்குப் போச்சு. கிளம்பிட்டோம். கூனிமேடு தாண்டினதும் வண்டி ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. டேங்க்கில் ஒரு சொட்டு இல்லை. ரெண்டு நாளா முள் ஃபுல்லில் நின்னிருக்கு. அண்ணன் பெட்ரோல் போட்டிருப்பான்னு பெரியப்பா நினைச்சார், அப்பா போட்டிருப்பார்னு அண்ணன் நினைச்சான். மழையில் கைகாட்டி, நாலாவதா வந்த மீன் வண்டிக்காரர் பெரியம்மாவை முன் சீட்டில் உட்கார வெச்சுக் கொண்டுபோய் விட்டார். பெரியம்மா இன்னைக்கும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த ஜீப்பில் அதுக்கப்புறம் ஏறவே இல்லை.

சரி, ஜீப்புக்கு வருவோம். அது இந்தியாவில் செய்தது இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செஞ்ச வில்லிஸ். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து அந்த மாடலை ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். 15 அமெரிக்க கேலன், நம்ம கணக்கில் சுமார் 57 லிட்டர். கரண்ட் 6 வோல்ட்தான். 1945-இல் போர் முடிஞ்சதும் இந்தியாவில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவம் விட்டுட்டுப் போன வண்டிகள், டயர்கள், கூடாரங்கள் எல்லாம் உபரிச் சரக்கா விற்பனைக்கு வந்தது. நம்ம நாட்டில் சாதாரண ஆள் கைக்கு ஜீப் வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். எஸ்டேட்காரர், கான்ட்ராக்டர், மிராசுதார்னு கை மாறிக் கை மாறி, 1980களின் கடைசியில் எங்க பெரியப்பாகிட்ட வந்து சேர்ந்தது.

1945-இல் மஹிந்திரா அண்ட் முகமதுன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பொருத்தி விற்க இறங்கினாங்க. முகமது பாகிஸ்தான் போனதும், 1948-இல் அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. இந்தப் பாதி எல்லாருக்கும் தெரியும்.

அதே 1948-இல் நடந்த இன்னொரு ஜீப் கதை அவ்வளவாப் பேசப்படுறதில்லை. காஷ்மீரில் சண்டை. ராணுவத்துக்கு அவசரமா ஜீப் வேணும். லண்டனில் நம்ம ஹை கமிஷனரா இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். புது வண்டி வாங்கினா விலையும் அதிகம், நாளும் ஆகும்னு, பழுது பார்த்த பழைய ராணுவ ஜீப்புகளுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டார். வழக்கமான நடைமுறைகளைத் தாண்டிப் போட்டார் என்பதுதான் பின்னாடி வந்த குற்றச்சாட்டு. மதிப்பு சுமார் 80 லட்ச ரூபாய். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போயிடுச்சு. வந்து சேர்ந்தது 155 வண்டி. அதுவும் ஓட்டற நிலைமையில் இல்லை. பார்லிமென்ட்டில் பெரிய ரகளை. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு விசாரணை வேணும்னு சொல்லியும், உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் 1955 செப்டம்பர் 30 அன்னைக்கு விஷயத்தை முடிச்சாச்சுன்னு அறிவிச்சார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய மந்திரி. எந்தக் கோர்ட்டிலும் அவர் மேல எதுவும் நிரூபணம் ஆகலைங்கறதையும் சொல்லணும். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல்னு இதைத்தான் சொல்வாங்க. என்னைக் கேட்டா, பணத்தை யார் தின்னாங்கங்கறதை விட, ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியைக் கண்ணால் பார்க்காம காகிதத்தைப் பார்த்து வாங்கினதுதான் அதில் பெரிய தப்பு. எங்க ஊர்ல மாடு வாங்கப் போறவங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்கமாட்டாங்க.

இப்போ முள்ளுக்கு வருவோம். ஆரம்பகாலக் கார்களில் பெட்ரோல் மீட்டர்னு ஒண்ணே கிடையாது. 1908-இல் இருந்து 1927 வரை ஓடின ஃபோர்டு மாடல் டி-யில், முன் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை விட்டு நனைஞ்ச அளவைப் பார்க்கணும். பெட்ரோல் விற்கிற கடைக்காரங்க அளவு போட்ட குச்சியைத் தங்க பேரை அச்சடிச்சு இலவசமாக் கொடுப்பாங்க, நம்ம ஊர் ஜவுளிக்கடை மஞ்சப்பை மாதிரி. அடுத்து வந்த மாடல் ஏ-யில்தான் டேஷ்போர்டில் மீட்டர். வோக்ஸ்வேகன் பீட்டில் 1961 வரைக்கும் மீட்டர் இல்லாமத்தான் வந்தது, காலால் தள்ளுற ரிசர்வ் குழாய் மட்டும். நமக்கு இது புதுசா என்ன? வண்டி அடைச்சா ரிசர்வில் போடு, அதுவும் தீர்ந்தா ஸ்கூட்டரைப் படுக்கப் போட்டு எடு. ஒரு தலைமுறையே அப்படித்தான் ஆபீஸ் போச்சு.

மின்சார மீட்டர் வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. டேங்க்குக்குள் ஒரு மிதவை. அதோட கை மேலே கீழே போகும்போது ஒரு கம்பிச் சுருள் மேல தேய்ஞ்சு, மின்தடை மாறும். மெக்கானிக்குங்க இந்த மொத்த சாமானுக்கு டேங்க் யூனிட்னு பேர் சொல்வாங்க. டேஷ்போர்டில் இருக்கற மீட்டர் அந்தத் தடையைத்தான் பெட்ரோல்னு காட்டுது. பெட்ரோலை அது பார்த்ததே இல்லை.

வெளிநாட்டு வண்டியில் சிக்கல் எங்க வருதுன்னா, இந்தத் தடைக்கு ஒரே அளவு கிடையாது. ஒரு கம்பெனி காலிக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 90 ஓம்னு வைக்கும். இன்னொண்ணு காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. வேற ஒண்ணு காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. அதாவது ஒருத்தருக்கு ஏறுமுகம், இன்னொருத்தருக்கு இறங்குமுகம். ஒண்ணோட மீட்டரையும் மற்றதோட டேங்க் யூனிட்டையும் சேர்த்தா, டேங்க் நிறைய நிறைய முள் காலியைக் காட்டும். பெரியப்பா ஜீப்பை யாரோ 12 வோல்ட்டுக்கு மாத்தி, மீட்டரையும் யூனிட்டையும் ஜோடியாப் புதுசு பண்ணியிருந்தாங்க. நல்ல வேளையா ரெண்டும் 0-90 ரகம்.

இதே காரணத்தால் துருவும் ரெண்டு விதமாப் பொய் சொல்லும். வயர் அறுந்தாலோ எர்த் விட்டுப்போனாலோ தடை எல்லையில்லாம ஏறிடும். 240-33 வண்டியில் அப்போ முள் காலிக்குப் போகும். நீங்க எரிச்சலோட பங்க்குக்குப் போவீங்க, அவ்வளவுதான். 0-90 வண்டியில் முள் ஃபுல்லுக்குப் போகும். நீங்க கூனிமேட்டில் மழையில் நிப்பீங்க.

மரக்காணத்தில் எர்த் விட்டுப்போறது ஆச்சரியமே இல்லை. உப்புத்தூளுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா, அது ஈரத்தை இழுத்துத் தானே தண்ணியா ஆகிடும். கடலோரத்தில் ராத்திரி முழுக்க அதுக்கு மேலதான் இருக்கும். அப்போ ஒவ்வொரு திருகுமேலயும் தினமும் மெல்லிசா உப்புத்தண்ணி பூசின மாதிரி. அங்க சைக்கிள் செயினே ரெண்டு வருஷம் தாங்காது.

2011-க்கு அப்புறம் பெரியப்பா அந்த மீட்டரைத் திரும்பிப் பார்க்கலை. காய்ஞ்ச மூங்கில் குச்சி ஒண்ணை எடுத்து, காலி டேங்க்கில் அஞ்சு அஞ்சு லிட்டரா ஊத்தி, ஒவ்வொண்ணுக்கும் கத்தியால் கீறல் போட்டார். டேங்க்கின் அடி வளைவா இருக்கறதால் கீறல்கள் சம இடைவெளியில் வராது. அந்த விஷயத்தில் குச்சி மீட்டரை விட நேர்மை.

குச்சி மட்டும் போதுமான்னா, அதுவும் இல்லை. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் புது போயிங் 767. அளவு காட்டுற கருவியில் ஒரு சால்டரிங் சரியா ஒட்டாததால் மீட்டர் வேலை செய்யலை. அளவுகோலை வெச்சுப் பார்த்தாங்க. 7,682 லிட்டர் இருந்தது. அது சரியான அளவுதான். ஆனா லிட்டரைக் கிலோவா மாத்த 0.8-ஆல் பெருக்கறதுக்குப் பதிலா, பவுண்டா மாத்தற 1.77-ஆல் பெருக்கிட்டாங்க. தேவையானதில் பாதிகூட இல்லாம கிளம்பி, நடு வானத்தில் ரெண்டு எஞ்சினும் நின்னுபோய், கிம்லின்னு ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்தே இறக்கினார் கேப்டன் பாப் பியர்சன். 69 பேரும் பிழைச்சாங்க. கோட் எழுதற எனக்கு இது வயித்தைக் கலக்கற கதை. நாங்க தினமும் பண்ற தப்பு இது.

போன வருஷம் பொங்கலுக்குப் போனப்போ, மீட்டரைச் சரி பண்ணிடலாம்னு பெரியப்பாகிட்ட சொன்னேன். "குச்சி இருக்கும்போது அது எதுக்குடா?"ன்னார். பெரியம்மா உள்ளேயிருந்து, "பண்ணட்டும் விடுங்க"ன்னாங்க. திண்டிவனம் ரோட்டில் பட்டறை வெச்சிருக்கற மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் முதல்ல டேங்க்கைத் திறக்கவே இல்லை. யூனிட்டில் இருந்து வயரைக் கழட்டிட்டு, "சாவியைப் போட்டு முள்ளைப் பாரு தம்பி"ன்னார். ஃபுல். வயர் முனையை ஒரு நிமிஷம் சேஸிஸில் தொட்டார், திறந்த டேங்க் பக்கம் இல்லை, தள்ளி. முள் காலிக்கு இறங்கிச்சு. அப்போ மீட்டர் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு, தப்பு யூனிட்டிலோ எர்த்திலோ. ரெண்டு நிமிஷ வேலை. நான் யூடியூபில் மூணு மணி நேரம் பார்த்ததில் இது இல்லை.

யூனிட்டை இறுக்கியிருந்த திருகுகள் பச்சையும் சிவப்புமாப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார். உப்பு கெடுத்ததை உப்புத்தாளே சரி பண்ணுது பாருங்க. யூனிட்டில் இருந்து சேஸிஸுக்குத் தனியா ஒரு எர்த் வயர் இழுத்து, மேல வாஸலின் தடவினார். சாவியைப் போட்டோம். முள் அசையாம காலியில் நிக்குது! குச்சியை விட்டா இருபது லிட்டர் இருக்கு. "பார்த்தியா, நல்லா இருந்ததைக் கெடுத்தாச்சு"ன்னு பெரியப்பா சிரிக்கிறார்.

ரெண்டாவது கோளாறு முதல் கோளாறுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது. பேட்டரியைக் கழட்டிட்டு யூனிட்டை வெளியே எடுத்தோம். பித்தளை மிதவையைக் காதுகிட்ட ஆட்டினா, உள்ளே தளும்புது. வெந்நீரில் அமுக்கினதும் ஒரு ஓரத்தில் இருந்து குமிழி வந்தது, ஊசிமுனை ஓட்டை. ஈயம் வெச்சுடலாமான்னு கேட்டேன். "உள்ள ஆவி இருந்தா மூஞ்சியில வெடிக்கும், வேற போட்டுக்கலாம்"னு சொல்லிட்டார். கார்க் மிதவையும் வேண்டாம்னார். பழைய கார்க்குக்கு மேல பூசற அரக்கு எத்தனாலில் கரையும், இப்போ பங்க்கில் வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பிளாஸ்டிக் மிதவை ஒண்ணு கிடைச்சது. மல்டிமீட்டரை வெச்சு, கையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தோம். 0-இல் இருந்து 88 வரைக்கும் தடங்கல் இல்லாம ஏறிச்சு.

பெரியப்பா முப்பது வருஷம் உப்பளம் பார்த்தவர். பாத்தித் தண்ணி எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு பார்க்க போமே டிகிரின்னு ஒரு கண்ணாடி மானி வெச்சிருப்பார். அந்துவான் போமேங்கற பிரெஞ்சு மருந்தாளர் 1768-இல் செஞ்ச முறை. கடல் தண்ணி 3 டிகிரி, 25-இல் உப்பு விளைய ஆரம்பிக்கும், 29, 30 வந்தா மெக்னீசியம் கசப்பு சேரும்னு தண்ணியைத் திறந்து விட்டுடணும். அதுவும் மிதவைதான். "அதை நம்பினீங்களே, இதை ஏன் நம்பலை?"ன்னு கேட்டேன்.

"அதை யாரு தனியா நம்புனா? மானியைப் போடுறதுக்கு முன்னாடியே தண்ணி நிறத்தைப் பாத்துடுவேன், வெரலால தொட்டுப் பாப்பேன். ஜீப்புல அந்த முள்ளை மட்டும்தான்டா பாத்தேன்."

புறநானூற்றில் ஒளவையார் பாட்டு ஒண்ணில், உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கிட்டுப் போறது வருது. இப்போ ஜீப்பில் முள் சரியா ஓடுது. மூங்கில் குச்சி சீட்டுக்குப் பின்னாடி அப்படியே சொருகியிருக்கு. பெரியம்மா இன்னும் ஏறலை.