ஏற்றத்தில் எரிந்து சமதரையில் அணையும் சிவப்பு விளக்கு: காரின் பிரேக் எச்சரிக்கை சொல்வதும் சொல்லாததும்

கண்டியில் கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய காட்சி. ஹந்தானையில் தேயிலை நூதனசாலையை நோக்கி ஏறும்போதோ, கூர்மையான வளைவொன்றில் திரும்பும்போதோ டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் அடைப்புக்குறி போன்ற கோடுகள். பேராதனை வீதிக்கு இறங்கி சமதரைக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. வயரில் ஏதோ லூஸ் என்று சாரதி மறந்துவிடுகிறார்.

பெரும்பாலும் அது வயர்க் கோளாறு அல்ல. என்ஜின் பகுதியில் இருக்கும் பிரேக் ஒயில் குப்பிக்குள் ஒரு சிறிய மிதவை உண்டு. ஒயில் மட்டம் குறைந்து மிதவை கீழே வந்தால் விளக்கு எரியும். மட்டம் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் நிலையில், கார் ஏற்றத்திலோ இறக்கத்திலோ சாயும்போது ஒயிலும் ஒரு பக்கம் சாய்கிறது; மிதவை தாழ்கிறது; விளக்கு எரிகிறது. சமதரையில் மட்டுமே ஓடும் கார் இந்தச் செய்தியைப் பல வாரங்கள் கழித்தே சொல்லும். மலைவீதி அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதை அலட்சியப்படுத்துவதுதான் தவறு.

ஒயில் எங்கே போகிறது? இரண்டு வழிகள்தான். பிரேக் பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வருகிறது. அதன் பின்னால் உள்ள இடத்தை ஒயில் நிரப்புவதால் குப்பியில் மட்டம் மெதுவாக இறங்கும். இது இயல்பானது. மற்றது கசிவு: சக்கரத்தின் உட்பக்கம் ஈரம், பின்சக்கர வீல் சிலிண்டரில் ஒழுக்கு, துருப்பிடித்த குழாய். இது ஆபத்தானது.

விளக்கு எரிந்தவுடன் ஒயில் போத்தலை வாங்கி ஊற்றுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். விளக்கு அணையும், காரணம் அப்படியே இருக்கும். முதலில் பேட் தடிப்பையும் கசிவையும் பார்க்க வேண்டும், ஊற்றுவது அதன்பிறகு. பேட் தேய்ந்த நிலையில் குப்பியை நிரப்பிவிட்டு, பின்னர் புதிய பேட் போட்டால் மிகுதி ஒயில் வழிந்து பெயின்ட்டையும் உரித்துவிடும். என்ஜின் ஒயிலை ஒருபோதும் இதற்குள் ஊற்றக்கூடாது. ரப்பர் சீல்கள் ஊதி முழுத் தொகுதியும் பழுதாகும்.

ஹேண்ட் பிரேக் முழுமையாக இறங்காவிட்டாலும் இதே விளக்குத்தான் எரியும். முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஈரமான வீதியில் திடீரென மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் பயணத்தை நிறுத்திவிட வேண்டும். ஹைபிரிட் கார்களில் இது இன்னும் முக்கியம். 2013 ஜூனில் டொயோட்டா நிறுவனம் பிரேக் அழுத்தத்தைச் சேமிக்கும் பாகத்தில் இருந்த குறைபாட்டுக்காக, உலகளவில் சுமார் 242,000 பிரியஸ், லெக்ஸஸ் ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்தது.

ஆனால் மலைநாட்டில் பிரேக்கைக் கைவிடச் செய்யும் பெரிய காரணத்தை இந்த விளக்கு சொல்வதே இல்லை. அது வெப்பம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 40 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகைக்கான தரநிலை, புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்கிறது. ஈரம் ஏறிய ஒயிலுக்கு அந்த எல்லை வெறும் 140 பாகை. டொட் 4 வகைக்கு இவை 230, 155. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். குப்பியில் மட்டம் சரியாக இருப்பதால் விளக்கு எரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். மழையும் பனியும் நிறைந்த நம் பகுதியில் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய லொறிச் சாரதிகளின் கணக்கு. கடுகண்ணாவை இறக்கத்துக்கும், மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளுக்கும் இன்றும் அது பொருந்தும். ஓட்டோ கியர் காரில் டி-யில் விட்டு இறங்காமல் எல், எஸ், பி என எது இருக்கிறதோ அதற்கு மாற்ற வேண்டும். ஹைபிரிட் காரின் பேட்டரி நீண்ட இறக்கத்தில் விரைவில் நிரம்பிவிடும். அதன்பின் அது வேகத்தை இழுத்துப் பிடிக்காது. அப்போது என்ஜின் இரைந்தால் பயப்படத் தேவையில்லை, அதன் வேலையை அது செய்கிறது.

ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழக்கம்போல் இறுக்கமாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, சமமான இடத்தில் நிறுத்தி, குப்பியையும் சக்கரங்களையும் பார்க்கலாம். பெடல் உள்ளே அமிழ்ந்தால் விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் சுவிட்சைத் தொடர்ந்து பிடித்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்தக்கூடாது; நிறுத்தினால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும், ஸ்டியரிங்கும் கனக்கும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மண்மேட்டுப் பக்கம் உரசி நிறுத்துவதே மேல். நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடிப்பு விழும். காயம் ஏற்பட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், விபத்து என்றால் 119.

பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே விளக்காவது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும், விடுவித்தால் அணைய வேண்டும். பழைய கார் வாங்கச் செல்பவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம். எரியவே எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம்.