ஒரே படியால் அளக்க வேண்டிய வரிக் கணக்கு

வளரும் நாடுகளில் வரி வசூல் போதாது, முஸ்லிம் நாடுகளில் வரி கட்டும் பழக்கமே குறைவு என்பது போன்ற செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். இவற்றுக்கு ஆதாரமாக ஓர் எண் காட்டப்படும். ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரி வருவாய் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண்.

இது அலங்காரத்துக்கான எண் அல்ல. ஒரு நாட்டுக்குக் கடன் கொடுப்பவர்களும் உதவி செய்பவர்களும் இதைப் பார்க்கிறார்கள். 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோல் பல இடங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஐ.நா. 2015ல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 17.1 என்பது உள்நாட்டு வரி வருவாயைப் பெருக்குவது பற்றியதே. எண் குறைவாக இருந்தால் "வரியைக் கூட்டுங்கள்" என்ற ஆலோசனை வருகிறது. கூட்டப்படும் வரி பெரும்பாலும் கடைச் சாமான்களின் விலையில்தான் வந்து விழுகிறது. ஆகவே அந்த எண் சரியாக அளக்கப்பட்டதா என்பது ஏழையின் அடுப்போடு தொடர்புள்ள கேள்வி.

எங்கே கணக்கு வேறுபடுகிறது?

முதலாவது, எந்த அரசின் வரி என்பது. உலக வங்கியின் அட்டவணையில் இந்தியாவின் வரி வருவாய் சுமார் 11, 12 சதவீதம் என்று இருக்கும். அது மத்திய அரசின் கணக்கு மட்டும். பத்திரப்பதிவின் முத்திரைத் தீர்வை, பெட்ரோல் மீதான மாநில வரி, ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பங்கு இவற்றையும் சேர்த்தால் சுமார் 17 சதவீதம் ஆகிவிடும். மாநிலங்களே இல்லாத ஒரு நாட்டோடு முதல் எண்ணை ஒப்பிட்டால் முடிவு தவறாகும்.

இரண்டாவது, எது வரி என்பது. தொழிலாளரின் ஊதியத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்புத் தொகையை ஓஇசிடி அமைப்பு வரியாகக் கணக்கிடுகிறது. சர்வதேச நாணய நிதியமோ (ஐஎம்எஃப்) அதை வரியில் சேர்க்காமல் தனி வருவாயாக வைக்கிறது. எண்ணெய் வளமுள்ள நாடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. எண்ணெய் நிறுவனத்தின் லாபத்தில் பெறுவது வரி. நிலத்தடி வளத்துக்கு உரிமைத்தொகையாகப் பெறுவது வரியல்லாத வருவாய். இரண்டும் ஒரே கிணற்றிலிருந்து வருகின்றன. ஒரு நாடு ஒரு வரிசையிலும் இன்னொரு நாடு மற்ற வரிசையிலும் எழுதினால், ஒப்பீடு பொருளிழந்து போகும்.

ஜகாத்தையே எடுத்துக்கொள்வோம். சவூதி அரேபியாவில் நிறுவனங்களின் ஜகாத்தை அரசுத் துறையே வசூலிக்கிறது. பட்ஜெட் அறிக்கையில் அது "பிற வரிகள்" என்ற வரிசையில் சேர்கிறது. மலேசியாவில் மாநில இஸ்லாமிய மன்றங்கள் வசூலிக்கின்றன. அங்கே ஒருவர் கொடுத்த ஜகாத், அவர் கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்து கழிக்கப்படும். அதாவது ஒரே கடமை, ஓரிடத்தில் வரிக் கணக்கைக் கூட்டுகிறது, இன்னோரிடத்தில் குறைக்கிறது. ஜகாத் வரியல்ல, இபாதத் என்பது நாம் அறிந்ததே. ஆனால் புள்ளிவிவர அட்டவணைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மூன்றாவது, எந்த ஆண்டு என்பது. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் ஜூலையில் தொடங்குகிறது. இலங்கையில் ஜனவரி.

நான்காவது, எதனால் வகுக்கிறோம் என்பது. 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990லிருந்து 2010க்கு மாற்றியது. அதுவரை கணக்கில் சரியாக வராத தொலைபேசித் துறை, திரைப்படத் துறை போன்றவை உள்ளே வந்தன. 2013ஆம் ஆண்டுக்கான உற்பத்தி மதிப்பு ஒரே நாளில் 89 சதவீதம் உயர்ந்தது. வசூலான வரியில் ஒரு நைரா கூடக் குறையவில்லை. ஆனால் வரிச் சதவீதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

முன்னோர் காட்டிய முறை

அளந்த பிறகே வரி என்பது நம் வரலாற்றில் பழைய செய்தி. இராக்கின் சவாத் பகுதி வெற்றி கொள்ளப்பட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளக்கச் செய்தார்கள். அளவு 3 கோடியே 60 லட்சம் ஜரீப் வந்தது என்று இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் காண்கிறோம். பயிருக்கு ஏற்றபடி ஜரீப் கணக்கில் கராஜ் விதிக்கப்பட்டது. பின்னர், தாம் ஷஹீதாவதற்குச் சில நாட்களுக்கு முன், அந்த நிலம் தாங்க முடியாத சுமையை ஏற்றிவிட்டீர்களா என்று உமர் (ரலி) அவர்கள் ஹுதைஃபா (ரலி), உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) இருவரிடமும் விசாரித்த செய்தி புகாரியில் உள்ளது. கஜானாவில் எவ்வளவு சேர்ந்தது என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. கொடுப்பவர் தாங்குவாரா என்பதே கேள்வி. அளவை சரியாக இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஒரே பட்டியலுக்கான முயற்சி

ஏழை நாடுகளின் வரிக் கணக்குகள் நீண்ட காலம் சிதறிக் கிடந்தன. ஐஎம்எஃப் அட்டவணையில் பல நாடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் வெற்றிடங்கள் இருந்தன. ஆய்வாளர்கள் ஆளுக்கொரு மூலத்தைக் கலந்து ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள்.

இங்கிலாந்தில் இயங்கும் சர்வதேச வரி மற்றும் வளர்ச்சி மையம் 2014ல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஐஎம்எஃப், ஓஇசிடி, லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையம் ஆகியவற்றின் அட்டவணைகளோடு, ஐஎம்எஃப் அலுவலர்கள் எழுதிய நாட்டு அறிக்கைகளையும் தேடி எடுத்து, 1980 முதலான கணக்குகளை ஒரே வகைப்பாட்டில் அடுக்கினார்கள். எண்ணெய், கனிம வருவாயை இயன்றவரை தனியே பிரித்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஹெல்சின்கியில் உள்ள ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனம் பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது. ஆப்பிரிக்காவுக்கென ஓஇசிடியும் ஆப்பிரிக்க அமைப்புகளும் சேர்ந்து 2016ல் மொரோக்கோ, துனீசியா, செனகல் உட்பட 8 நாடுகளோடு ஓர் ஆண்டறிக்கையைத் தொடங்கின. இன்று அதில் 30க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன.

கணக்கு எச்சரித்தும்

ஒப்பிடத்தக்க கணக்கு எதற்கு உதவும் என்பதற்கு இலங்கை அண்மைக்காலச் சான்று. 2019 டிசம்பரில் அங்கு பெறுமதி சேர் வரி 15லிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன, கொரோனாவும் வந்தது. 2021ல் வரி வருவாய் உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அது ஒன்று என்பது அட்டவணையைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டில் அந்த வரி 12 ஆகவும் பிறகு 15 ஆகவும் உயர்ந்தது. 2024 ஜனவரியில் 18 ஆனது. அதைக் கொடுத்தவர்களில் பால்மா வாங்கிய தாய்மாரும் உண்டு.

எனவே அடுத்த முறை இப்படி ஓர் எண்ணைக் கண்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தெந்த அரசுகளின் வரி இதில் உள்ளது? எண்ணெய்ப் பணமும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் உள்ளேயா, வெளியேயா? எந்த ஆண்டுக் கணக்கு? எந்த அடிப்படை ஆண்டின் உற்பத்தியால் வகுத்தார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத ஒப்பீட்டை நம்பி ஒரு நாட்டையோ ஒரு சமுதாயத்தையோ தாழ்த்திப் பேசாதிருப்போம். அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்தே குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அந்த எச்சரிக்கை தானியப் படிக்கு மட்டுமல்ல, எண்களை அளந்து கொடுப்பவர்களுக்கும் பொருந்தும்.

அல்லாஹ் நம் அனைவரையும் நீதியாக அளப்பவர்களாக ஆக்கியருள்வானாக.