வீட்டுத் திசைவியில் டொரென்ட் பதிவிறக்கம்

வீட்டுத் திசைவியில் டொரென்ட் பதிவிறக்கம் என்பது, பிட்டொரென்ட் நெறிமுறையில் இயங்கும் மென்பொருளைக் கணினியில் இயக்காமல், வீட்டை இணையத்துடன் இணைக்கும் திசைவியிலேயே (ரவுட்டர்) நிறுவி இயக்கும் முறை ஆகும். கணினியை அணைத்த பின்னரும் பதிவிறக்கம் தொடர்வது இதன் முதன்மைப் பயன். இதற்கு மாற்றாக, வலையமைப்புச் சேமிப்பகம் அல்லது ஒற்றைப்பலகைக் கணினி போன்ற தனிக்கருவி ஒன்றில் அதே மென்பொருளை இயக்கலாம்.

பின்னணி

பிட்டொரென்ட் நெறிமுறையை பிராம் கோயென் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்நெறிமுறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பல கணினிகளிடமிருந்து ஒரே நேரத்தில் பெறப்படுகின்றது. பெற்ற துண்டுகளைப் பயனர் பிறருக்கும் வழங்குகிறார். ஆகவே கருவி நெடுநேரம் இணைப்பில் இருப்பது அவசியமாகின்றது.

லிங்க்சிசு நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி திசைவி லினக்சு கருவில் இயங்கியது. குனூ பொதுமக்கள் உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003 இல் வெளியிடப்பட்டது. இதன் அடிப்படையில் 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. திசைவியும் ஒரு சிறு கணினியே என்பதைப் பலர் உணர்ந்தது இதன் பின்னரே.

திசைவியில் இயக்குதல்

இதற்கு யூ.எஸ்.பி. வாயிலுள்ள திசைவியும் வெளி வன்தட்டும் தேவை. ஆசுசு நிறுவனத்தின் டபிள்யூஎல்-500ஜி பிரீமியம் இதற்குப் பெரிதும் பயன்பட்ட பழைய திசைவி. அதில் 266 மெகாஏர்ட்சு செயலி, 32 மெகாபைட்டு நினைவகம், இரண்டு யூ.எஸ்.பி. 2.0 வாயில்கள் ஆகியன இருந்தன. டிரான்சுமிசன், ஆர்டொரென்ட் ஆகியவை இத்தகைய கருவிகளில் பரவலாக நிறுவப்படும் திறமூல மென்பொருள்கள். டிரான்சுமிசனை இணைய உலாவி மூலம் 9091 ஆம் வாயிலில் கட்டுப்படுத்தலாம்.

வரம்புகள்

* செயலி: வந்து சேரும் ஒவ்வொரு துண்டும் எசுஎச்ஏ-1 முறையில் சரிபார்க்கப்படுகின்றது. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு எசுஎச்ஏ-256 முறையைப் பயன்படுத்துகின்றது. பொதிகளைக் கடத்தும் அதே செயலியே இக்கணக்கீட்டையும் செய்வதால், வீட்டிலுள்ள அனைவருக்கும் இணையம் மெதுவாகலாம்.
* நினைவகம்: நினைவகம் தீர்ந்தால் லினக்சு கரு ஏதேனும் ஒரு நிரலை நிறுத்திவிடும். அது டொரென்ட் மென்பொருளாக மட்டுமே இருக்கும் என்ற உறுதி இல்லை. முகவரி வழங்கும் சேவையும் நிற்கலாம்.
* கோப்பு முறைமை: ஃபாட்32 முறைமையில் 4 கிகாபைட்டை எட்டும் கோப்பைச் சேமிக்க இயலாது. லினக்சுக்குரிய ஈஎக்சுடி4 போன்றவை இங்கு ஏற்றவை.

தனிக்கருவியில் இயக்குதல்

லிங்க்சிசு 2004 இல் வெளியிட்ட என்எசுஎல்யூ2 என்னும் சிறு சேமிப்பகக் கருவியில் ஆர்வலர்கள் மாற்று நிலைபொருளை நிறுவி டொரென்ட் இயக்கினர். 2012 இல் இராசுபெரி பை வெளிவந்த பின் இம்முறை மேலும் எளிதாயிற்று. 2019 இல் வந்த இராசுபெரி பை 4, யூ.எஸ்.பி. 3.0 வாயில்களும் முழு கிகாபிட் ஈதர்நெட்டும் கொண்டது.

தனிக்கருவி பழுதுற்றால் பதிவிறக்கம் மட்டுமே நிற்கும். திசைவி பழுதுற்றால் வீட்டின் இணையமே நிற்கும். இதுவே இரு முறைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு.

எனினும் தனிக்கருவி எல்லாச் சிக்கலையும் தீர்ப்பதில்லை. அதன் இணைப்புகள் யாவும் திசைவி வழியாகவே செல்கின்றன. ஒவ்வோர் இணைப்பும் திசைவியின் இணைப்பு அட்டவணையில் ஓர் இடத்தைப் பிடிக்கும். லினக்சு கருவின் இயல்பு அமைப்பில், செயற்படாத டிசிபி இணைப்பின் பதிவு 5 நாட்கள் வரை நீடிக்கக்கூடும். அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் மறுக்கப்படும். ஆகவே இரு முறைகளிலும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பிடுதல் வேண்டும்.

பதிவேற்ற வேகத்திற்கும் இது பொருந்தும். பதிவேற்றத் தடம் நிரம்பினால், பதிவிறக்கத்திற்கான ஒப்புகைப் பொதிகளும் தாமதமாகும். எடுத்துக்காட்டாக, பதிவேற்றம் நொடிக்கு 256 கிலோபிட்டு எனில், அது 32 கிலோபைட்டுக்குச் சமம். மென்பொருளில் ஏறத்தாழ 25 கிலோபைட்டை வரம்பாக வைத்தால், மற்றவர்களின் பயன்பாட்டிற்கு இடம் கிடைக்கும்.

மின் செலவு

ஏற்கனவே எந்நேரமும் இயங்கும் திசைவியில் கூடுதலாகத் தேவைப்படுவது பெரும்பாலும் வன்தட்டுக்கான மின்சாரமே. 5 வாட்டு தனிக்கருவி 30 நாட்கள் இடைவிடாது இயங்கினால் 3.6 அலகு செலவாகும். 80 வாட்டு மேசைக்கணினிக்கு அதே காலத்தில் 57.6 அலகு செலவாகும்.

பாதுகாப்பு

திசைவி வீட்டு வலையமைப்பின் நுழைவாயில். அதில் இயங்கும் மென்பொருளில் ஓட்டை இருந்தால் வலையமைப்பு முழுவதுமே ஆபத்திற்குள்ளாகும். 2018 சனவரியில், டிரான்சுமிசனைத் தீய இணையத்தளம் ஒன்றின் மூலம் கட்டுப்படுத்த இயலும் என்பதைக் கூகிள் ஆய்வாளர் டாவிசு ஓர்மாண்டி வெளிப்படுத்தினார். பின்னர் அது சரிசெய்யப்பட்டது. எனவே மென்பொருளை இற்றைப்படுத்துதல், கட்டுப்பாட்டுப் பக்கத்திற்குக் கடவுச்சொல் இடுதல், அப்பக்கத்தை வெளி இணையத்திற்குத் திறக்காதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை.

சட்ட நிலை

பிட்டொரென்ட் நெறிமுறை ஒரு பரிமாற்ற முறை மட்டுமே. உபுண்டு, டெபியன் போன்ற லினக்சு வழங்கல்கள் இம்முறையிலும் அதிகாரபூர்வமாக வழங்கப்படுகின்றன. இணைய ஆவணகம் 2012 முதல் தன் கோப்புகளை இவ்வாறும் வழங்குகின்றது. காப்புரிமையுள்ள ஆக்கங்களை அனுமதியின்றிப் பகிர்வது பல நாடுகளில் சட்டமீறல் ஆகும். பதிவிறக்கும் கருவி எதுவாயினும் இது மாறாது.