கணக்கு யார் வீட்டில்?

புதிய கணினியைத் திறந்ததும் அது முதலில் கேட்பது ஒரு பயனர் கணக்கை. தமிழில் இந்தச் சொல் ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனென்றால் கணினியில் கணக்கு என்பது நிஜமாகவே வரவு செலவுக் கணக்காகத்தான் பிறந்தது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே பெரிய கணினியைப் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று எழுதிவைக்கப் பெயர் வேண்டியிருந்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்கக் கடவுச்சொல் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தனக்கு ஒதுக்கிய நேரம் பத்தாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்செடுத்து மற்றவர்கள் நேரத்தில் வேலை பார்த்தார். பொருள் பொதுவில் இருந்தால் கணக்கும் வேண்டும், பூட்டும் வேண்டும். அதில் நியாயம் இருந்தது.

சொந்தக் கணினி வந்தபோது இந்த நியாயம் உதிர்ந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் டாஸ் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் ‘கேன்சல்’ அழுத்தினாலும் உள்ளே விட்டது. வீட்டுத் திண்ணைக்குப் போட்ட கொக்கி மாதிரி. உண்மையான பூட்டு 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யில்தான். 2001இல் எக்ஸ்.பி. அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அப்போதும் கணக்கு, ‘சாம்’ என்ற கோப்பாக அந்தக் கணினியின் வட்டிலேயே இருந்தது. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்.

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் இருந்தது. கந்தர்வகோட்டைப் பக்கத்து மாணவிக்கு அது முதல் கணினியாக இருக்கலாம். வீட்டில் இணையம் இருந்திருக்காது. இருந்தாலும் பெயரைத் தட்டி, கடவுச்சொல் வைத்து, அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க முடிந்தது.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, இணையக் கணக்கால் உள்ளே நுழைவது முன்னிறுத்தப்பட்டது. உள்ளூர்க் கணக்கு ஓர் ஓரத்துக்குப் போனது. 2021இல் விண்டோஸ் 11 ஹோம், முதல் அமைப்பின்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, சொந்தப் பயன்பாட்டுக்கான ப்ரோ பதிப்புக்கும் அதே விதி. ‘பைபாஸ்என்ஆர்ஓ’ என்ற கட்டளையைத் தட்டிச் சுற்றுவழியில் போனவர்கள் உண்டு. 2025இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து அந்தக் கட்டளைக் கோப்பும் நீக்கப்பட்டது. மேசைமேல் இருப்பது நம் காசில் வாங்கிய பொருள். அதன் கணக்கு மட்டும் 1961 போல மறுபடியும் மையத்துக்குப் போய்விட்டது.

மறுபக்கமும் உண்டு. இணையக் கணக்கில் கடவுச்சொல் மறந்தால் மீட்கலாம். வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி அங்கே பத்திரமாக இருக்கும். உள்ளூர்க் கணக்கில் நாமே எழுதி வைக்கவில்லை என்றால் போனது போனதுதான். ஆனால் மீட்பு என்பது யார் கைபேசியில் நடக்கிறது என்பதுதான் எங்கள் மாவட்டத்தின் கேள்வி. இங்கே பல வீடுகளில் சம்பாதிக்கும் ஆள் வெளிநாட்டில்.

தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் வழக்கம். ஒருமுறை கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி பழைய மடிக்கணினியோடு வந்தாள். இணையக் கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டது.

“ஓடிபி அத்தா நம்பருக்குப் போவுது மாமா. அத்தா மலேசியாவுல இருக்காங்க. அந்த சிம்முக்கு ரீசார்ஜே பண்ணல.”

“உன் நம்பர் குடுக்கலையா?”

“அப்ப எனக்கு ஏது ஃபோனு?”

அதில் உபுண்டு நிறுவிக் கொடுத்தேன். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, திறந்துகொண்டது. “அவ்ளோதானா?” என்றாள்.

1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதில் இருந்தார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. சம்பந்தம் இருந்தது. பஸ்ஸுக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திராமல் கிளம்ப முடிவதும் ஓர் அறிவு என்று அந்த இயக்கம் கண்டுகொண்டது.

இன்றைய கணினிப் பாடத்தில் எனக்கு வேண்டியதும் அதுபோல ஒரு வகுப்புதான். உள்ளூர்க் கணக்கு என்று ஒன்று உண்டு. அதை இப்படி உருவாக்கலாம். மீட்புச் சாவியை நோட்டில் எழுதி வை. கோப்புகளைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள். அதற்குப் பிறகு அந்தப் பெண் இணையக் கணக்கையே தேர்ந்தெடுத்தாலும் சரி, அது அவள் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.