மஞ்சூரியக் கொள்ளைநோயும் வூ லியென்-தேயின் தலைமையும்

நோயாளி, மருத்துவன், மருந்து, உதவியாளன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுவர் திருவள்ளுவர். ஒருவனைப் பற்றிய நோய்க்கு இவ்வகுப்பு முற்றும் பொருந்துவதாகும். ஆயின், ஒரு நகரத்தையே பற்றிய நோய்க்கு மருந்து இல்லை, பற்றப்பட்டவன் பிழைப்பதில்லை, தீர்க்க வந்த மருத்துவனும் துணைநிற்பவனும் அந்நோய்க்கே இரையாகின்றனர் என்னும் நிலை தோன்றின் அப்போது மருத்துவத்தில் எஞ்சுவது யாது? இவ்வினாவிற்கு நூல்கள் கூறும் விடையினும் வரலாறு கூறும் விடை தெளிவானது. 1910ஆம் ஆண்டின் இறுதியிலும் 1911ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மஞ்சூரியாவிற் பரவிய நுரையீரற் பிளேக்கு நோயும், அதனை எதிர்த்து நின்ற மருத்துவர் வூ லியென்-தேயின் செயல்களும் அவ்விடையைத் தருவனவாம்.

மஞ்சூரியா அக்காலத்திற் பெயரளவிற் சீனப் பேரரசின் பகுதியாயினும், அதன் நாடிநரம்புகளாகிய புகையிரதப் பாதைகள் பிறர் கையில் இருந்தன. வடபாற் பாதையை ருஷியரும் தென்பாற் பாதையை யப்பானியரும் ஆண்டனர். 1904-05இல் இவ்விரு வல்லரசுகளும் போர் புரிந்ததும் இந்நிலத்தின் பொருட்டேயாம். ஆதலின், அங்கே தோன்றிய நோயைச் சீன அரசு தானே அடக்கத் தவறுமாயின், நோயை அடக்குதல் என்னும் பெயரால் அயலார் தம் அதிகாரத்தை மேலும் விரிப்பர் என்பதில் ஐயமிருக்கவில்லை. மக்களின் உயிரோடு நாட்டின் உரிமையும் ஒருங்கே ஊசலாடிய வேளை அது.

நோயின் தோற்றுவாய் வணிகத்தோடு தொடர்புடையது. தார்பகான் என வழங்கும், அணிலினத்தைச் சார்ந்து வளைகளில் வாழும் விலங்கொன்று மொங்கோலிய, மஞ்சூரியப் புல்வெளிகளில் மிகுதியாக உண்டு. அதன் மயிர்த்தோலுக்கு உலகச் சந்தையில் விலை ஏறவே, ஷாந்துங் முதலிய மாகாணங்களிலிருந்து வறிய தொழிலாளர் பல்லாயிரவர் வேட்டைக்கு விரைந்தனர். தளர்ந்து நடக்கும் விலங்கு நோயுற்றதென அறிந்து அதனைத் தீண்டாது விலகுதல் அந்நிலத்துப் பழைய வேட்டுவரின் மரபு. புதியராய் வந்தோர் அம்மரபை அறியார். எளிதிற் பிடிபட்டதையே முதலிற் பிடித்தனர். கடுங்குளிருக்கு அஞ்சிக் காற்றும் புகாத சிறு விடுதிகளில் நெருங்கிக் கிடந்த அவர்களிடையே நோய் விரைவிற் பரவியது. 1910 ஒக்டோபரில் ருஷிய எல்லையை அடுத்த மஞ்சௌலி நகரில் தோன்றி, புகையிரதப் பாதை வழியே ஹார்பின் நகரை அடைந்தது. அங்கு ஏறத்தாழ 24,000 சீன மக்கள் நெருங்கி வாழ்ந்த பூஜியாதியன் என்னும் பகுதியில் அது வேரூன்றியது.

இந்நிலையிற் சீன அரசின் வெளிநாட்டு அலுவலகத்தைச் சேர்ந்த ஷி சாவோஜி என்பார், தியன்ஸின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் உயர்பதவி வகித்த வூ லியென்-தேயை ஹார்பினுக்குச் செல்லுமாறு பணித்தார். வூ 1879இல் மலாயாவின் பினாங்குத் தீவிற் பிறந்தவர். அரசியார் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மருத்துவம் பயின்றவர். நுண்ணுயிரியலில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிற் பயிற்சி பெற்றவர். எனினும், அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்றே. 1910 டிசம்பர் 24ஆந் திகதி ஹார்பினில் வந்திறங்கிய அவருடன் வந்தவர் மாணவர் ஒருவர் மாத்திரமே. கொண்டுவந்த பெருங்கருவி ஒரு நுணுக்குக்காட்டி.

நோய்க்கு மருந்து தேடுமுன் நோயின் முதலைத் தேடுதலே அவர் முதலில் மேற்கொண்ட பணி. டிசம்பர் 27இல், விடுதி நடத்திய யப்பானியப் பெண் ஒருவர் இறந்தாரென அறிந்து, அவ்வுடலை அறுத்துச் சோதித்தார். இறந்தோர் உடலை அறுத்தல் சீன மரபிற்கு முற்றும் மாறானது; ஆதலின் அச்சோதனை மறைவாகவே நிகழ்ந்தது. நுரையீரலிலும் குருதியிலும் பிளேக்குக் கிருமிகள் நிறைந்திருந்தன. பிளேக்கு எலியிலிருந்து தெள்ளின் வாயிலாக மனிதரைப் பற்றுவதென்பதே அக்காலத்து அறிஞர் கொள்கை. ஆனால் யப்பானிய மருத்துவர் ஒருவர் அந்நகரத்தில் நூற்றுக்கணக்கான எலிகளைச் சோதித்தும் ஒன்றிலேனும் கிருமியைக் கண்டிலர். நோயுற்றோர்க்கு நெறிகட்டுதலும் இல்லை. இருமலும் குருதி கலந்த சளியுமே இருந்தன. இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கிய வூ, இந்நோய் மூச்சின் வழியாக மனிதனிலிருந்து மனிதனுக்கு நேரே பரவுவது எனத் துணிந்தார்.

இத்துணிபிலிருந்தே அவருடைய செயற்றிட்டம் முழுவதும் பிறந்தது. எலியே காரணமாயின் எலியைக் கொல்லுதல் போதும். மூச்சே காரணமாயின் வாயையும் மூக்கையும் மூடுதல், நோயுற்றோரைப் பிரித்தல், அவரோடு பழகியோரைத் தனியே வைத்துக் காத்தல், பயணத்தைத் தடுத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதனவாகும். மெல்லிய துணியின் நடுவே பஞ்சை வைத்து மடித்து, எவரும் சிறு செலவிற் செய்யத்தக்க முகக்கவசம் ஒன்றை அவர் வகுத்தளித்தார்.

ஆயினும் இளைஞரான சீனர் ஒருவரின் கருத்தை உடனே ஏற்க எல்லோரும் முன்வந்திலர். தியன்ஸினில் மருத்துவப் பேராசிரியராயிருந்த மெனி என்னும் பிரான்சியர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்; பிளேக்கு நோயை வேறிடங்களிற் கண்டவர். அவர் ஹார்பினுக்கு வந்தபோது வூவின் கொள்கையை ஏளனஞ் செய்தார். தலைமைப் பொறுப்புத் தமக்கே உரியதெனவும் வாதித்தார். வூ தம் பதவியைத் துறக்க முன்வந்தும் அரசு அவரையே தலைவராக நிலைநிறுத்தியது. மெனி முகக்கவசம் அணியாமலே ருஷிய மருத்துவமனையில் நோயாளரைச் சோதித்தார். சில நாட்களுள் நோயுற்று, 1911 ஜனவரி 11இல் இறந்தார். அவர் அஞ்சாநெஞ்சினர் என்பதை வரலாறு மறுக்கவில்லை. ஆயின், அஞ்சவேண்டுவதற்கு அஞ்சாமை வீரமாகாது என்பதை அவர் மறைவு ஹார்பினுக்கு உணர்த்தியது. அதன்பின் முகக்கவசமின்றித் தெருவில் நடப்போரைக் காண்டல் அரிதாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தது மருத்துவம் என்பதினும் ஆட்சி என்பதே பொருந்தும். பூஜியாதியன் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மருத்துவ அதிகாரியும் அவருக்குக் கீழ் உதவியாளரும் காவலரும் நியமிக்கப்பட்டனர். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பிரிவுக்கொரு நிறப்பட்டி மக்களின் கையிற் கட்டப்பட்டது. தன் பிரிவினைக் கடக்க விரும்புபவன் அனுமதி பெறல் வேண்டும். வீடுதோறும் நாள்தோறும் தேடல் நடைபெற்றது. நகரைச் சூழ ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் காவல் நின்றனர். நோயாளரோடு பழகியவர்களைத் தனியே வைக்க இடமில்லாதிருந்தமையின், ருஷியரிடம் 120 புகையிரதப் பெட்டிகள் இரவலாகப் பெறப்பட்டன. புத்தாண்டைக் கருதி ஊர் திரும்பும் தொழிலாளரால் நோய் தெற்கே செல்லாதவாறு, பெருஞ்சுவரை அடுத்த ஷான்ஹைகுவானிலும் பயணிகள் தடுக்கப்பட்டனர். மூக்டன் நகரில் அத்தகைய தொழிலாளரைச் சோதித்துவந்த ஆதர் ஜக்சன் என்னும் இளமருத்துவர் ஜனவரி 25இல் அந்நோயினாலேயே இறந்தார்.

எஞ்சிய பேரிடர் ஒன்றிருந்தது. நிலம் பாறைபோல் உறைந்து கிடந்தமையால் இறந்தோரைப் புதைத்தல் இயலவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள் இடுகாட்டின் அருகே, சில பெட்டிகளிலும் சில வெறுமனேயும், வரிசையாகக் கிடந்தன. அவற்றை எரித்தலே வழி என வூ கண்டார். ஆனால் முன்னோரை மண்ணில் அடக்கி வழிபடுதலைத் தலையாய கடனாகக் கொள்ளும் சீனர்க்கு எரியூட்டல் பெரும்பழியாகும். வூ தாமே கட்டளையிட்டு எரித்திருப்பின் நகரம் கொதித்தெழுந்திருக்கும். அவர் அவ்வாறு செய்திலர். உள்ளூர் அதிகாரிகளையும் வணிகத் தலைவர்களையும் அவ்விடத்திற்கே அழைத்துச்சென்று காட்டி உடன்படச் செய்தார். பின் பேரரசின் ஆணையை வேண்டி விண்ணப்பித்தார். ஆணை கிடைத்தபின், 1911 ஜனவரி 31இல், சீனப் புத்தாண்டிற்கு மறுநாள், எரியூட்டல் தொடங்கியது. அறிவியல் தேவையை மக்களின் மரபோடு மோதவிடாது, அம்மரபு வணங்கும் அதிகாரத்தின் வாயிலாகவே நிறைவேற்றிய இச்செயல் அவருடைய ஆற்றல்களுட் தலையாயது எனலாம்.

பின்னர் இறப்புத்தொகை விரைந்து குறைந்தது; மார்ச் 1ஆந் திகதிக்குப்பின் பூஜியாதியனில் நோயாளர் எவருமிலர். இளவேனிலின் வெப்பமே நோயை ஒழித்தது என்பாருக்கு, மார்ச் தொடக்கத்தில் ஹார்பின் இன்னும் உறைபனியிற் கிடக்கும் நகர் என்பதே விடையாகும். ஆயினும் இழப்பு மிகப் பெரிது. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 மக்கள் இறந்தனர். நோயுற்றோருட் பிழைத்தவர் இல்லையெனவே கூறலாம். தடுப்புப் பணியாளருள் ஏறக்குறைய முந்நூற்றுவர் உயிர்நீத்தனர்.

இம்முயற்சியில் வன்மை இல்லாதிருக்கவில்லை. வீடுகள் வலிந்து சோதிக்கப்பட்டன. தாயும் சேயும் பிரிக்கப்பட்டனர். மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பாமையின் மக்கள் அதனை இடுகாட்டின் வாயில் என்றே அஞ்சினர். நோயாளரை மறைத்தலும், பிணத்தை இரவில் தெருவில் எறிதலும் நிகழ்ந்தன. தடையின் பாரம் செல்வரினும் கூலியாளர் மேலேயே மிகுதியாக வீழ்ந்தது. இவற்றை மறைத்துப் புகழ்தல் வரலாறாகாது. ஆயினும் தடையின்றி விடப்பட்டிருப்பின் இறந்திருப்போரும் அக்கூலியாளரே என்பதும் உடன் எண்ணத்தக்கது.

1911 ஏப்ரில் 3 முதல் 28 வரை மூக்டனிற் கூடிய அனைத்துலகப் பிளேக்கு மாநாட்டிற் பதினொரு நாட்டு அறிஞர் பங்குபற்றினர். புகழ்பெற்ற கித்தசாத்தோவும் வீற்றிருந்த அவ்வவையில் வூ தலைமை தாங்கினார். மாநாட்டின் விளைவாக ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு 1912இல் நிலையான பிளேக்குத் தடுப்புச் சேவை நிறுவப்பெற்றது. 1920-21இல் அந்நோய் மீண்டும் தோன்றியபோது இறந்தோர் தொகை முன்னையதின் ஐந்திலொரு பங்கையும் எட்டவில்லை. பேரரசு வீழ்ந்து குடியரசு எழுந்த காலத்தும் அழியாது நின்ற அச்சேவையே வூவின் உண்மையான நினைவுச்சின்னம். 1937இல் அவர் மலாயாவிற்கு மீண்டு, ஈப்போ நகரில் எளிய மருத்துவராய்ப் பணிபுரிந்து, 1960இற் பினாங்கிற் காலமானார். 2020இல் உலகம் முழுவதும் முகக்கவசம் அணிந்தபோது அவர் பெயர் மீண்டும் நினைக்கப்பட்டது.

இனி முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். மருந்தில்லாத நோயின்முன் எஞ்சுவது ஒழுங்கு. அவ்வொழுங்கு காவலரால் மாத்திரம் பிறப்பதன்று. காரணத்தை ஆய்ந்து துணியும் அறிவும், துணிந்ததை மூத்தோர் மறுப்பினும் கைவிடாத உறுதியும், மக்களின் மனத்தை அறிந்து நடத்தும் பண்பும் ஒருங்கே கூடியவிடத்துப் பிறப்பது. நால்வகை மருத்துவத்தோடு ஐந்தாவதாக வைத்தெண்ணத்தக்க இத்தலைமை, கொள்ளைநோய் வந்தபின் தேடப்படுவதாயின் காலங்கடந்ததாகும். அமைதிக் காலத்திலேயே அதற்குரியோரைக் கற்பித்து ஆக்கி வைத்தல் அரசின் கடனாம். நுணுக்குக்காட்டியோடு வந்திறங்கிய அவ்விளைஞரைப் பல்லாண்டு முன்னரே உருவாக்கியவை பினாங்கின் பள்ளியும், அவருக்குக் கிடைத்த புலமைப்பரிசிலுமே அல்லவோ?