சென்னை பிரசிடென்சி மேட்ச்

பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டம். ஐரோப்பியரில் சிறந்த பதினொருவரும் இந்தியரில் சிறந்த பதினொருவரும் மோதினார்கள். வெள்ளையருக்குச் சமமாக நம்மவர்கள் ஆட வேண்டும் என்று உழைத்த புச்சிபாபு நாயுடு 1908இல் மறைந்தார். அவர் போட்ட விதையில் முளைத்ததே இது. முதல்தர ஆட்டமாக 1915-16இல் தொடங்கி 1952 வரை நீடித்தது.

இதன் உச்சம் 1920-21 ஆட்டம் என்றே சொல்ல வேண்டும். இந்தியர் அணியின் சி. கே. நாயுடு தூக்கியடித்த பந்து மைதானத்தையே தாண்டி, வெளியே ஒரு தென்னை மரத்தருகே போய் விழுந்தது. அப்படியொரு சிக்ஸரைச் சென்னை அதற்குமுன் பார்த்திருக்குமா!

இந்தியர் அணியில் ஏ. ஜி. ராம்சிங்கும், கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய எம். ஜே. கோபாலனும் புகழ்பெற்றவர்கள். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அன்று அவர் ஆடிய மதராஸ் அணியின் கேப்டன், ஐரோப்பியர் அணியின் சி. பி. ஜான்ஸ்டன்.